ஆணிக்கு ஏது நாடி?

"பதினோராயிரத்து இருநூறு அடியா? நீங்களா?"

மனைவி கைபேசியைக் கண்ணாடியோடு ஒருமுறையும் கண்ணாடி இல்லாமல் ஒருமுறையும் பார்த்தாள். கைபேசி கணவருடையது. அவருக்கும் ஆச்சரியம்தான். அன்று முழுக்க அவர் நடந்தது பஸ்ஸிலிருந்து தியேட்டர் வாசல் வரை, வாசலிலிருந்து முக்காலி வரை. அதற்கு மேல் ஓரடி கூட வைத்ததாக அவருக்கு நினைவில்லை.

அவர் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். மத்தியான ஷோ தொடங்குவதற்கு முன் முக்காலியில் உட்கார்ந்தால், ஷோ முடிந்து கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் எழுந்திருப்பார். பதினெட்டு வருடமாக இதே கதை. அதனால் கேன்டீன்காரரிலிருந்து மானேஜர் வரை எல்லோருக்கும் அவர் பெயரே முக்காலி என்றாகிவிட்டது.

போன வாரம் டாக்டர் அவருடைய இடுப்பை அளந்தபோது டேப் பற்றவில்லை. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டரே பயப்படுகிற நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"தினம் எட்டாயிரம் அடி. முப்பது நாள். ஒருநாள் குறைஞ்சாலும் நானே தியேட்டருக்கு வந்து உங்க பீப்பாயைக் கவிழ்த்துடுவேன்."

முக்காலிக்கு உயிர் அந்தப் பீப்பாயில்தான் இருந்தது. தியேட்டர் மாடியில், பழைய ஆபரேட்டர் அறையில், அவர் சொந்தக் கையால் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தார். முதல் மூன்று முறை வினிகர் ஆனது. நான்காம் முறை வெடித்துச் சுவரில் கோலம் போட்டது. இந்த ஐந்தாவதுதான், ஆரஞ்சுத் தோல் போட்ட கறுப்பு பியர், உருப்படியாக வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் அசையாமல் இருந்தால் போதும். அவரைப் போலவே அதற்கும் அசையாமல் இருப்பதுதான் நல்லது.

மனைவி தனக்கொன்றும் அவருக்கொன்றுமாக ஒரே மாதிரி இரண்டு கைப்பட்டைகள் வாங்கி வந்தாள். கடிகாரம் போல முகமெல்லாம் கிடையாது, வெறும் கறுப்புப் பட்டை. கடைக்காரரே இரண்டு கைபேசிகளிலும் இணைத்துக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய அடிக்கணக்கும் நாடித்துடிப்பும் மணிவாரியாகக் கைபேசியில் வந்து விழும்.

முதல் நாளே விழுந்தது பதினோராயிரத்து இருநூறு.

'பட்டை கோளாறு' என்று முக்காலி முடிவு செய்தார். கோளாறு என்றாலும் நமக்குச் சாதகமான கோளாறு. பிறகு அதை எதற்குக் கையில் கட்டிக்கொண்டு அரிப்பெடுத்துச் சாக வேண்டும்?

மறுநாள் மத்தியானம் மாடியேறி, ஆபரேட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் பட்டையை மாட்டினார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். அந்த ஒரு சாவிதான் உண்டு. ஐந்து மணிக்குப் பட்டையை எடுத்து, தெருமுனையில் கையில் கட்டிக்கொண்டு, நடந்து களைத்தவர் மாதிரி மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

பதினோராயிரத்து எண்ணூறு அடி. அதில் பெரும்பகுதி இரண்டிலிருந்து ஐந்துக்குள். மூன்று மணிக்கு நாடி 118.

முக்காலி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

பட்டை தப்பாக எண்ணலாம். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆணிக்கு ஏது நாடி?

அந்த ஆணி ஆபரேட்டர் அண்ணன் சட்டை மாட்டுகிற ஆணி. படச்சுருள் ஓடிய காலத்தில் அந்த அறையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இருபது நிமிடத்துக்கு ஒரு ரீல் தீரும். தீர்வதற்குள் அடுத்த மெஷினை முடுக்கிவிட வேண்டும். அண்ணன் அந்த இரண்டுக்கும் நடுவே முப்பது வருடம் நடந்தார். தரையில் அவர் கால் பட்ட இடம் மட்டும் இன்னும் வழவழவென்று ஒரு கோடாக இருக்கிறது. மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போன வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார். ஆயிற்று நான்கு வருடம்.

மறுநாள் முக்காலி அந்த அறைக்குள் முதலில் தலையை மட்டும் நீட்டினார். பீப்பாய் மூலையில் 'பொளக்... பொளக்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரைப்பதன் சத்தம்தான், அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

"அண்ணே, நான்தான். தப்பா எடுத்துக்காதீங்க. எட்டாயிரம் போதும். அதுக்கு மேல நீங்க சிரமப்பட வேணாம்."

பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு இரண்டு படியாக இறங்கினார். அவர் வாழ்க்கையில் உண்மையான உடற்பயிற்சி அதுதான்.

அன்றைக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு. நாடி 131.

மனைவி முகம் மாறியது.

"நடை சரி. நாடி ஏன் மூணு மணிக்கு மட்டும் இப்படிக் குதிக்குது?"

"படியேறினேன்."

"நேத்தும் மூணு மணி. முந்தாநாளும் மூணு மணி. அந்த நேரத்துல உங்க தியேட்டர்ல யாரு இருக்கா?"

"ஷோ ஓடும்போது யாரும்மா இருப்பா? கேன்டீன்ல அந்தப் பொண்ணு மட்டும்..."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை.

முக்காலிக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. அண்ணனை நிறுத்தினால் பீப்பாய் போகும். நிறுத்தாவிட்டால் குடும்பம் போகும். அடியைக் குறைக்காமல் நாடியை மட்டும் குறைக்கச் சொல்லி அண்ணனிடம் எப்படிக் கேட்பது? அண்ணன் முன்கோபி. உயிரோடு இருந்தபோதே யோசனை சொன்னால் பிடிக்காது.

கையூட்டுத்தான் வழி என்று தோன்றியது. பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து மேஜைமேல் வைத்தார். இன்னும் பக்குவப்படாத பியர். அதைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

"குடிச்சுட்டு நிதானமா நடங்கண்ணே. நெஞ்சுக்கு நல்லதில்ல" என்றவர், யாருடைய நெஞ்சைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது கிளாஸ் காலி. மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அண்ணன் டீ குடித்தாலும் அப்படித்தான் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்.

முக்காலி மளமளவென்று காரணங்களைத் தேடினார். எலி குடித்திருக்கும். குடித்த எலி தள்ளாடி கிளாஸைக் கவிழ்த்திருக்கும். அப்படியானால் மேஜை நனைந்திருக்க வேண்டாமா? தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. எலி துடைத்துவிட்டும் போயிருக்கிறது என்று நம்ப அவர் உண்மையாகவே முயற்சி செய்தார்.

அன்று பதின்மூன்றாயிரம். நாடி 139.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. முக்காலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பயத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது. "நடையோட பலன்" என்றார் டாக்டர். தியேட்டர் இருட்டில் யாராவது இருமினாலும் முக்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முக்காலியின் ஒரு கால் ஆட ஆரம்பித்தது.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கிளம்புங்க. பட்டை வாங்கின கடைக்குப் போகணும். உங்க நாடியை நான் நம்பல. என்னோட பட்டையும் மத்தியானத்துல சரியா வேலை செய்யல. ரெண்டையும் காட்டிடுவோம்."

கடைக்காரர் இரண்டு பட்டைகளையும் இரண்டு கைபேசிகளையும் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். ஏதோ தட்டினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு என்னோடதுதான். அன்னிக்கு அவசரத்துல மாத்தி இணைச்சுட்டேன். உங்க பட்டை சார் போன்ல, சார் பட்டை உங்க போன்ல. இத்தனை நாளா சார் போன்ல வந்ததெல்லாம் நீங்க நடந்த கணக்கு."

மனைவி ஒரு நொடி யோசித்தாள். "மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு என் வார்டு டூட்டி. மூணு மணிக்கு மருந்து டிரேயைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறுவேன். லிப்ட் வேலை செய்யல. அப்போ 139 என்னோட நாடியா?"

முக்காலி சிரித்தார். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் இல்லை! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கட்டின மனைவியின் கால்களுக்கா மூன்று வாரமாகக் கும்பிடு போட்டு பியர் ஊற்றினோம்! கிளாஸைக் கூடத் தானேதான் குடித்துவிட்டு மறதியில் கவிழ்த்திருக்க வேண்டும். மனசு பஞ்சாகிவிட்டது.

சிரிப்பு பாதியில் நின்றது.

தன் போனில் வந்தது அவளுடைய நடை என்றால், அவள் போனில் இருப்பது தன் நடை. அதாவது ஆணியின் நடை. கடைக்காரர் அந்தப் போனைத்தான் இப்போது கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாயால் பூஜ்யம் என்று வருவதற்குள் நாமே சொல்லிவிட்டால் தண்டனை குறையலாம்.

"நான் நடக்கவே இல்லம்மா" என்றார். "தினம் மத்தியானம் பட்டையைக் கழட்டி மாடி அறையில ஆணியில மாட்டிட்டு, கதவைப் பூட்டிட்டு, கீழ வந்து உட்கார்ந்துட்டேன். ஒரு அடிகூட நடக்கல. பீப்பாயை நீயே கவிழ்த்துடு. நானே தூக்கிப் பிடிக்கிறேன்."

மனைவியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. இன்னும் எட்டே நாள் இருந்தது.

"ஆணியிலயா?" என்றாள் மனைவி மெதுவாக. கோபம் இல்லை. குரல் வேறு மாதிரி இருந்தது.

கடைக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"சார் ஏன் சும்மா பொய் சொல்றீங்க, ரெண்டாம் நாள்லேர்ந்து தினம் மத்தியானம் இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தவறாம நடந்திருக்கீங்களே, அந்த நேரத்துல நாடிதான் ஒருநாள்கூடப் பதியல."