மீட்சி மையத்து பெஞ்சு

முதல் பருவத்திலேயே சறுக்கி விழுந்த மாணவர்களைக் கைதூக்கிவிடும் உயரிய நோக்கத்தோடு அந்தக் கல்லூரி நிர்வாகம் ஒரு மீட்சி மையம் திறந்திருந்தது. வீட்டில் ‘கணக்குப்புலி’ என்று பேர் வாங்கிய முதலாண்டுப் பெண், கணிதத்தில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கிக்கொண்டு அங்கே போய் நின்றாள். அடுத்த பருவமும் கோட்டைவிட்டால் சீட்டுப் போய்விடும். அம்மாவிடம் மார்க்கைப் பற்றி இன்னும் மூச்சுவிடவில்லை. 

“சார், ரெண்டாவது பாடத்திலிருந்தே புரியலை. யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தா போதும்.”

எழுத்தர் பதினாறு பக்கப் படிவத்தை நீட்டினார். “மனசு எதனால தளர்ந்துச்சுன்னு எழுதும்மா.”

“மனசு தளரலை சார். கணக்குதான் வரலை.”

“கணக்குக்குப் படிவத்துல இடமில்லையே. ‘இதர துயரங்கள்’னு போட்டுட்டு வெளியே உட்காரு. இயக்குநர் கூப்பிடுவார்.”

இயக்குநர் கூப்பிட்டால்தானே! மனவலிமைக் கருத்தரங்கு, ஆழ்மூச்சுப் பயிலரங்கு என்று மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் அவள் வாசல் பெஞ்சிலேயே கிடந்தாள். பக்கத்தில் ஒருவன் பன்னிரண்டு மார்க் வாங்கிய மேதை. எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? புத்தகத்தை விரித்தார்கள். முதல் பாடம் இவளுக்குத் தெரியும், இரண்டாவது அவனுக்கு. கொஞ்ச நாளில் பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பருவ முடிவில் எட்டுப் பேரும் தேறினார்கள். அன்றைக்குத்தான் அவள் பழைய பதினொன்றையும் அம்மாவிடம் சொல்லி, நிம்மதியாகத் திட்டு வாங்கினாள்.

“சார், இவங்கள்ல ஒருத்தரையும் நாம பார்க்கவே இல்லையே” என்றார் எழுத்தர்.

“அதுதான்யா நம்ம முறை” என்றார் இயக்குநர்.

உடனே மூவர் குழு அமைக்கப்பட்டது. அது தீர விசாரித்து, மீட்சிக்கு மூலகாரணம் பெஞ்சுதான் என்று அறிக்கை அளித்தது. அத்தகைய அரிய சொத்து, கண்டவர்கள் உட்கார்ந்து தேய்ந்துவிடலாகாது என்று இயக்குநர் அறையில் கண்ணாடித் தடுப்புக்குள் வைக்கப்பட்டது. கணக்குப்புலிக்கு ‘மீட்சித் தூதர்’ பதவி, கழுத்தில் அட்டை, தனி மேசை.

அடுத்த ஆண்டு ஒரு பெண் அழாத குறையாக வந்து நின்றாள்.

“அக்கா, ரெண்டாவது பாடம்தான் புரியலை. நீங்க சொல்லித் தரீங்களா?”

அந்தப் பாடம் தூதருக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

“தாராளமா. முதல்ல இந்தப் பதினெட்டுப் பக்கத்தை நிரப்பு.”

“எங்கக்கா உட்கார்ந்து எழுதறது?”

“உட்கார்ற பெஞ்சை உள்ளே காட்சிக்கு வெச்சிருக்கோம். நின்னுக்கிட்டே எழுதும்மா.”