சாம்பிள் அக்காவின் மேசைச் சட்டம்

போடிநாயக்கனூரில் சாம்பிள் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே ஜீவன் சாம்பிள் அக்காதான். கடவுளே எதிரில் வந்து நின்றாலும், "ஒரு கைப்பிடி குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார்.

கல்லூரி முடித்த கையோடு, ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே காய் பொறுக்கும் பன்னிரண்டு பெண்களுக்கு அக்காதான் தலைவி. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் ஒரு பிடி அள்ளுவார், நகத்தால் ஒரு காயைக் கீறி முகர்வார், தீர்ப்புச் சொல்வார். உலகம் முழுவதற்கும் அதே முறைதான். பஸ்ஸில் மூன்று சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நான்காவதில் அமர்வார். தங்கை மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் பையனைக் கூப்பிட்டு, "ஒருக்கா கோவப்பட்டுக் காட்டுங்க மாப்ளே" என்று கேட்டவர்!

அவர் மேசைக்கு ஒரே சட்டம்: வேர்த்து வழிகிறவர் கிட்டே வரக்கூடாது. உலர்ந்த காயில் ஈரம் பட்டால் நிறம் போய்விடும். மூட்டை தூக்கும் அண்ணன்மார் கதவோரமே நின்று துண்டால் துடைத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தொரு வயதில், ஒரு மார்கழிக் காலையில் குப்பென்று வேர்த்தது. நாங்களெல்லாம் ஸ்வெட்டரில் இருக்கிறோம்.

"எவடி அவ, காய் ஒணத்துற ரூம் கதவத் தொறந்து போட்டவ?"

"அக்கா, அது குரங்கணிக்கு மேல, தோட்டத்துல இருக்கு."

"அங்கதான் எவளோ தொறந்துருக்கா!"

அதுமுதல் அந்த அனல் கதவு அக்காவுக்கு மட்டும் தினமும் பத்துத் தடவை திறந்தது. இரவில் அக்காவுக்குத் தூக்கம் போனது. பெரிய காயோடு சின்னக் காய் கலந்தது. அது அவர் வாழ்க்கையிலேயே நடக்காத சங்கதி. ஒருநாள் தாடையிலிருந்து ஒரு சொட்டு நேராகக் குவியலில் விழுந்தது. அதையே பார்த்தார். எழுந்தார். தன் சட்டப்படி தானே போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். "நீங்க பாருங்கத்தா" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேனியில் ஒரு பெண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாதவிடாய் நின்ற பின் சிலருக்கு வருகிற அனல் இது என்றார் அவர். "ஹார்மோன் மருந்து நல்லாக் கேக்கும். ஆனா எல்லாருக்கும் ஆகாது." ரத்தக்கட்டு, ரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரிசோதனைகள் எழுதினார். "சின்ன ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். வேணாம்னா ஹார்மோன் இல்லாத மருந்தும் உண்டு. யோசிச்சுட்டு வாங்க."

"ஒரு நாளைக்குச் சாம்பிள் குடுப்பீங்களா?"

"ஒரு நாள்ல தெரியாதும்மா. மூணு மாசம் எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்."

அதற்குள் யோசனைகள் லோடு லோடாக வந்து இறங்கின. அக்கா கதவோரம் இருந்தபடியே அவற்றைத் தரம் பிரித்தார். முதல் லோடு, எங்களோடு காய் பொறுக்கும் பேச்சியம்மாளுடையது.

"எங்க சிலமலையில ஒருத்தி அந்த மாத்திரையத் தின்னு பூசணிக்கா மாதிரி ஊதிட்டாளாம்."

"நீ பாத்தியா?"

"சொன்னாங்க."

"சண்டு, உள்ள விதையே இல்ல. தூக்கிப் போடு."

நான் விடுவேனா? இந்த மருந்து சாப்பிட்டால் பத்து வயது குறையும் என்று போனில் வந்ததைத் துள்ளிக்கொண்டு காட்டினேன்.

"யாரு எழுதுனது?"

"பேரு போடலக்கா."

"எந்தத் தோட்டம்னு தெரியாத காய நான் தொடுறதில்ல. ஒன்னோடதும் சண்டுதான்டி."

ஒன்றை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. "எங்க பெரியம்மா மார்புல கட்டி வந்துதான் செத்துச்சு" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். என் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

பரிசோதனை முடிவுகளோடு மறுபடி போனபோது அக்கா அதைத்தான் முதலில் கேட்டார். பெரியம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது, வேறு யாருக்காவது உண்டா என்று மருத்துவர் பொறுமையாக விசாரித்தார். "எழுபதுக்கு மேல ஒரே ஒருத்தருக்கு வந்ததுனால ஒங்களுக்குக் கூடாதுன்னு ஆகாது. பரிசோதனை எல்லாம் நல்லா இருக்கு. குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கலாம், மார்பகப் பரிசோதனைய விடாமப் பாத்துக்குவோம். முடிவு ஒங்களோடது."

"நீங்களா இருந்தா?"

"நான் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா அவரை நெற்றியிலிருந்து கழுத்துவரை நிதானமாகப் பார்த்தார். மருத்துவருக்கே லேசாகக் கூச்சம் வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கீக. ஆனா அது ஒங்க தோட்டத்துக் காயி" என்றார் அக்கா. பிறகு கையை நீட்டினார். "குடுங்க. மூணு மாசம் பாக்குறேன். எனக்கு என் மேசை வேணும்."

முழுதாக இரண்டு மாதம் ஆகவில்லை. ஒருநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது அக்கா தன் இடத்தில் இருந்தார். சல்லடை ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வெள்ளைத் துணியால் நெற்றியைத் துடைத்து, துணியைத் தூக்கிக் காட்டினார். காய்ந்திருந்தது.

"எங்கடி ஓடியாற? மூஞ்சியெல்லாம் ஈரம்!"

"வேர்வைக்கா" என்று கதவோரமே நின்றேன்.

சாம்பிள் அக்காவிடமா இந்தப் பொய் செல்லும்? ஒரு விநாடி உற்றுப் பார்த்தார்.

"வேர்வை கண்ணுல இருந்தா வரும்?" என்றார்.

பிறகு குவியலைக் கையால் அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு, மேசையருகே எனக்கு இடம் விட்டார்.