இடது கையை விட்டுக்கொடுத்த வரலாறு

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்கிறேன்.

முதலாவது, வெள்ளைக்காரத் துரை எங்கள் தீவின் கொப்பரையைப் பொய்த் தராசில் நிறுத்தான். இரண்டாவது, அதைத் தட்டிக்கேட்ட என்னை மூன்று வாரம் உள்ளே வைத்தான். மூன்றாவது, சுதந்திரம் வந்தது. எங்கள் ஆளே அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே தராசைத் தூக்கினான். நான்காவது, இதையெல்லாம் கண்டித்து நான் அச்சடித்த துண்டறிக்கைகளில் என் மனைவி ரோயித்தி கருவாடு மடித்தாள். ஐந்தாவது, ஊசி.

போன மாதம் ரோயித்தியின் ரத்தத்தைச் சோதித்து, ஹெபடைடிஸ் பி என்றார்கள். கல்லீரலில் குடியேறும் கிருமி. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாபாய்க் கிழங்குக் குழியில் இறங்கினால் என்னைவிட இரண்டு மடங்கு தோண்டுவாள். அவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை. எனக்குத் தடுப்பூசி.

"நான் போட்டுக்க மாட்டேன்."

"ஏன்?"

"அது அரசாங்க ஊசி."

"அரசாங்கப் படகுல ஏறித் தராவாவுக்குப் போனீங்களே?"

"அது ஊர்வலத்துக்கு!"

"ஏங்க, பயமா?"

"துப்பாக்கிக்கு முன்னாடி நின்னவன்டி நான்!"

"துப்பாக்கி குத்தலையே."

ஆனால் அவள் சிரிக்கவில்லை. "நமக்கு ரெண்டு பேருக்கும் இது ரெண்டாம் கல்யாணம். என் முதல் ஆளு கல்லீரல் கெட்டுத்தான் போனாரு. இன்னொருத்தரை அப்படி என்னால புதைக்க முடியாது."

பதில் தேடி என் பழைய துண்டறிக்கைகளைப் புரட்டினேன்; எல்லாம் கருவாட்டு நாற்றம். ஆகவே ஒரு திட்டம் போட்டேன்.

சனிக்கிழமை நர்ஸ் அக்கினேத்தி மனேயாபாவுக்கு வருகிறாள். ஊர் கூடும் மண்டபம் அது. அங்கே எழுந்து கோரிக்கைகளை வைப்பேன். நாற்பது வருஷத்தில் என் கோரிக்கை ஒன்றைக்கூட எந்த அதிகாரியும் ஏற்றதில்லை. இவளும் மறுப்பாள். மறுத்ததும் வெளிநடப்பு.

ஊர் முழுக்கப் பாயில் உட்கார்ந்திருந்தது. எழுந்தேன்.

"மருந்துல என்ன இருக்குன்னு எங்க பாஷையில சொல்லணும்!"

"சொல்றேன் பெரியவரே. இதுல உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியோட மேற்சட்டை மாதிரி ஒரு துளிதான். அதைப் பார்த்து அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு உடம்பு காவலுக்கு நிக்கும்."

"கெடுதலை மறைக்கக் கூடாது!"

"கை ரெண்டு நாள் வலிக்கும். சிலருக்கு லேசாக் காய்ச்சல் வரும். ரொம்ப அபூர்வமா ஒவ்வாமை வரலாம். அதனாலதான் போட்டதும் கால் மணி நேரம் இங்கயே உட்காரச் சொல்றோம்."

"சோதிக்காம போடக் கூடாது!"

"விரலை நீட்டுங்க."

ஆவேசத்தில் நீட்டிவிட்டேன். குத்திவிட்டாள். கிருமி இல்லையாம்.

"நோயைச் சாக்கா வச்சுப் புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கக் கூடாது!"

"எதுக்குப் பிரியணும்? ஒரே தட்டுல சாப்பிடுங்க, கட்டிப்பிடிங்க, அதுல எல்லாம் வராது. ரத்தத்துல வரும், படுக்கையில வரும், தாய்கிட்டேருந்து பிறக்கிற பிள்ளைக்கு வரும். பிள்ளைக்கு முதல் நாளே போட்டுடுவோம். நீங்க சவரக் கத்தியை மட்டும் யாரோடயும் பங்கு போடாதீங்க."

அரை மணிக்குள் நான்கு கோரிக்கைகளும் நிறைவேறிவிட்டன. எந்தப் போராளிக்கும் இந்தக் கதி வரக் கூடாது.

"யாரையும் வற்புறுத்தக் கூடாது!" என்று கடைசி அஸ்திரத்தை வீசினேன்.

"மாட்டோம். உங்க இஷ்டம்."

வெற்றி! நெஞ்சு விம்மியது. "கேளுங்க மக்களே! அரசாங்கக் காகிதம் நம்ம சட்டம் இல்லை. நம்ம வழக்கம்தான் நம்ம சட்டம்!"

மண்டபம் கைதட்டியது. பாயைச் சுருட்டினேன். ரோயித்தி எழுந்து வந்து, நட்ட நடுவில், என் எதிரே சம்மணம் போட்டாள்.

"வழக்கம்தானே சட்டம்?"

"ஆமா!"

"அப்ப, புபூத்தி."

கைதட்டல் நின்றது. புபூத்தி என்று வாய்விட்டு உறவுக்காரர் ஒன்றைக் கேட்டால் மறுக்கவே முடியாது. இப்படித்தான் என் படகு போயிற்று. நல்ல சட்டையும் போயிற்று.

"என்ன வேணும்?"

"உங்க இடது கை. மூணு தடவை. இன்னைக்கு, அடுத்த மாசம், ஆறாம் மாசம்."

"அது சொந்தக்காரங்க கேக்குறதுடி!"

"நான் யாரு, கரையொதுங்குன கட்டையா?"

ஊரிலேயே மூத்தவர் செருமினார். "கைத்தாரா, குடுத்துடுப்பா. இல்லேன்னா வழக்கம் அழிஞ்சு போச்சுன்னு நாளைக்கு நீயேதான் நோட்டீஸ் அடிப்ப."

கொடுத்தேன். கண்ணை நான் மூடவில்லை; இமைகள் தாமாகவே ஒன்றுகூடின. திறந்தபோது என் வலது கை ரோயித்தியின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. அவள் கண் நனைந்திருந்தது. இந்தத் தீவில் இவ்வளவு பெரிய புபூத்தி யாரிடமும் கேட்கப்பட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. இதை நான் எங்கும் நிமிர்ந்து சொல்வேன்.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு," என்றார் மூத்தவர். "ஊரே சாட்சி. நர்ஸம்மா, ஊசிப் பட்டியல்ல இருக்கிற பேரை உரக்க வாசிம்மா."

எழுந்து நின்றேன். சிறைக் காவலர்கள் முணுமுணுத்த பெயர் அது. பதினோரு துண்டறிக்கைகளின் அடியில் கொட்டை எழுத்தில் நின்ற பெயர். மண்டபமே மூச்சை அடக்கிக் காத்திருந்தது. நர்ஸ் தாளை எடுத்தாள். அதில் இருந்தது ரோயித்தியின் கையெழுத்து. முந்தின நாள் தேதி.

"முதல் பேர்," என்று வாசித்தாள் அக்கினேத்தி. "ரோயித்தி வீட்டுக்காரர்."