முடிவு தெரிந்த பிறகு வரும் கொள்கை

கொள்கையோடு காரியம் செய்கிறவர்கள் உண்டு. கொள்கையே இல்லாமல் காரியம் செய்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: முதலில் காரியம் முடியட்டும், என்ன ஆகிறதென்று பார்ப்போம், அதற்குத் தகுந்த கொள்கையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள். நீங்கள் எங்கும் தேடி அலைய வேண்டாம். எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியிலேயே ஒருவர் இருக்கிறார். சோப்புத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். அக்கம்பக்கத்தார் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘தத்துவம்’.

தத்துவத்திடம் இருப்பது இரண்டே தத்துவங்கள். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. ஆஸ்பத்திரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் தாண்டி, “ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டு வந்துடறேன்” என்று டாக்டர் அறைக்குள் புகுந்துவிட்டாரானால், வெளியே வரும்போது, “வேலை முடிஞ்சுதா, அதைப் பாருங்க” என்பார். அதே வாசலில் நர்ஸ் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டாலோ, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் காய்ச்சல்காரரிடம், “எதுக்கும் ஒரு முறைன்னு இருக்கு சார். குறுக்கே போறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது” என்று ஆரம்பித்துவிடுவார். காய்ச்சல்காரர் எங்கே எழுந்து ஓட முடியும்?

தொழிற்சாலையிலும் இதே கதைதான். பெட்டிகளை எண்ணாமல் லாரியில் ஏற்றி, அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், “எப்படி அனுப்பினோம்னு யார் கேக்கப் போறாங்க?” லாரி தாமதமானால், “எண்ணாம ஏத்தறது என் பழக்கமே இல்லை.” இதில் நடிப்பு துளியும் கிடையாது, அதுதான் விசேஷம். எதைச் சொன்னாலும் அந்த நேரத்தில் மனதார நம்பித்தான் சொல்வார். சில சமயம் கண்கூடக் கலங்கும்.

அவர் மனைவி பல வருஷமாகக் கேட்டுப் பழகியவர். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்தத் தத்துவம் என்று சொல்லிவிடுவார். ஆனால் மகள் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். அப்பா சொல்வதை அப்படியே நம்பும் ஒரே ஜீவன் அவள்தான்.

போன மாதம் பள்ளியில் சதுரங்கப் போட்டி. ஆட்டத்தின் நடுவே அவள் விரல் தவறான காயின் மேல் பட்டுவிட்டது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். யாரும் பார்க்கவில்லை; அவளாகவே சொன்னாள், நகர்த்தினாள், தோற்றாள். வீட்டுக்கு வந்து அழுதவளைத் தத்துவம் பக்கத்தில் உட்காரவைத்து, “கண்ணு, ஜெயிக்கிறது பெரிசே இல்லை. எப்படி ஆடினோம்கிறதுதான் பெரிசு. என்னைக் கேட்டா நீதான் ஜெயிச்சே” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவரும் நன்றாகத் தூங்கினார்.

பிறகு வந்தது குடியிருப்பின் கேரம் போட்டி. குடும்பத்துக்கு இருவர் ஆட வேண்டும். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். எதிர் ஜோடி, கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியனும் அவர் மனைவியும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு காய்தான் பாக்கி. ஸ்ட்ரைக்கர் தத்துவத்தின் கையில். அப்பா, மகளின் வெள்ளைக் காயோ எந்தக் குழியோடும் உறவில்லாமல் நட்டநடுவில் கிடந்தது. எலெக்ட்ரீஷியனும் மனைவியும் மேஜைக்கடியில் உருண்டுபோன பவுடர் டப்பாவைக் குனிந்து தேடினார்கள். சுற்றி நின்றவர்களும் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தத்துவத்தின் பொத்தான் போடாத முழுக்கைச் சட்டை காயில் உரசியது. காய் வழுக்கிக்கொண்டுபோய்க் குழி வாயில் நின்றது.

வேண்டுமென்றே செய்தாரா? சத்தியமாக இல்லை. எடுத்து இருந்த இடத்தில் வைத்தாரா? அதுவும் இல்லை.

எல்லோரும் நிமிர்வதற்குள் தட்டினார். விழுந்தது. கைதட்டினார்கள், கப்பைக் கொடுத்தார்கள்.

மாடிப்படி ஏறும்போதே முதல் தத்துவம் கிளம்பிவிட்டது. “கடைசியில கப் யார் கையில இருக்கு, அதைச் சொல்லு!” என்று கதவைத் திறந்த மனைவியிடம் நீட்டினார். அதை எங்கே வைக்கலாம் என்று டிவி மேலும் அலமாரி மேலும் வைத்துவைத்துப் பார்த்தார். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“எதிர்ல நான்தானே உக்காந்திருந்தேன்.”

அவர் கப்பைத் துடைப்பதில் மும்முரமானார். “ஆட்டம்னா அப்படி இப்படி இருக்கும்மா. நாம ஜெயிச்சுட்டோம் இல்லையா?”

“போன மாசம் நான்தான் ஜெயிச்சேன்னு சொன்னீங்களே…” அவள் கப்பைப் பார்த்தாள். “அது நான் தோத்ததுனால சொன்னதா?”

துடைத்த கை நின்றுவிட்டது. அவள் இப்போது அழவில்லை. போன மாதம் போல அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். தத்துவம் கப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மகளும் கூடவே போனாள்.

விஷயத்தைக் கேட்ட எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “பேசாம வெச்சிருந்திருக்கலாமே சார். இப்ப நாங்க இதை எப்படி வாங்கிக்கறது? நாங்களும் ஜெயிக்கலையே!” ஆக, யாருக்கும் வேண்டாத அந்தக் கப், பொது அறையில் பவுடர் டப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

திரும்பப் படியேறும்போது கை காலியாக இருந்தது. தோல்விக்கான தத்துவம் தயாராகத் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். மகள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார். அவர் ஆயுளிலேயே ஒரு தத்துவமும் சொல்லாமல் ஏறி முடித்த மாடிப்படி அதுதான். அவள் மட்டும் கடைசிப் படியில் அவர் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

பாவம் மனுஷன் என்று நீங்கள் சிரிக்கலாம். இந்தச் சித்திரத்தை எழுதியவனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்: நன்றாக வந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது என் திறமை, இல்லையென்றால் நான் நேர்மையாக எழுதியிருக்கிறேன். சரி, நீங்கள்? கப் என்ன ஆயிற்று என்று பார்க்க, நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்து இங்கே வந்தவர்தானே? பரவாயில்லை, வந்து சேர்ந்துவிட்டீர்கள் அல்லவா!