சொல்ல முடியாது சார்

கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம். ஆனால் அப்படி எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். "இந்தியா பூரா பாத்தியா நீ?" என்பார்.

எங்கள் கோச்சில் எதைக் கேட்டாலும் சீட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். வண்டி பங்காரப்பேட்டையில் எவ்வளவு நேரம் நிற்கும், தங்கச் சுரங்கத்தை மறுபடி எப்போது திறப்பார்கள், முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது, எல்லாவற்றுக்கும். இவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொட்டுகிற மழையில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பெய்யுது. ஒயிட்ஃபீல்டுல சொல்ல முடியாது" என்பார். ராபர்ட்சன்பேட்டை பிரியாணிக் கடையில் மாஸ்டர் ஆசையாக வந்து, "எப்டி கீது சார்?" என்று கேட்டபோது, "என் பிளேட்டு நல்லா கீது. அண்டாவ பத்தி சொல்ல முடியாது" என்றவர். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கடையில் லெக் பீஸ் விழுவதில்லை. அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஆதார் அட்டையில் இருக்கிறது. மற்றபடி கோச் முழுவதற்கும் அவர் 'சொல்ல முடியாது சார்'.

நானும் அவரும் ஒயிட்ஃபீல்டில் ஒரே ஆபீஸ். அங்கே என்ன வேலை என்று என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனி. சோப்பு, ஷாம்பு, மாத்திரை, சாயம் என்று நாம் கழுவி ஊற்றுவதெல்லாம் கடைசியில் ஏரிக்கும் ஆற்றுக்கும்தான் போகிறது. அங்கே இருக்கும் கிருமிகள் அந்த ரசாயனத்தைத் தின்று தீர்க்குமா, இல்லை அது அப்படியே கிடக்குமா என்று கம்ப்யூட்டர் மாடலைக் கேட்டுச் சொல்வது எங்கள் வேலை.

"கிருமி துன்னுதா இல்லையான்னு பாக்கவா உன்ன எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்?" என்றாள் அம்மா.

இதில் மாடலுக்கு ஞானதிருஷ்டி எதுவும் கிடையாது. முன்பே சோதித்துப் பார்த்த ரசாயனங்களின் விவரம் அதற்குள் இருக்கும். புதிதாக ஒன்றைக் கொடுத்தால், இது யார் ஜாடை என்று தேடும். நேரான நீள வால் இருந்தால் கிருமிகள் இடியாப்பம் மாதிரி உள்ளே தள்ளிவிடும். வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தால் முள் மீன் மாதிரி, லேசில் இறங்காது. சொந்தக்காரன் எப்படியோ இதுவும் அப்படி என்று மாடல் முடிவு கட்டும். கோலார் தங்கவயல்காரனுக்கு இது புதிதே இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தால் நாங்களும், "எந்த லைன் வூடு? தாத்தா எந்த சுரங்க ஷாஃப்ட்டுல எறங்கனாரு?" என்று கேட்டுத்தானே ஆளை எடை போடுகிறோம்?

ஒரு முறை பாத்திரம் கழுவும் திரவத்துக்கு ஒரு புது ரசாயனம் வந்தது. மாடல் 'சீக்கிரம் மக்கும்' என்றது. கம்பெனிக்காரர்கள் லேபிளில் பச்சை இலை போடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல முடியாது சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு சொந்தம்னு சொல்லிக்க உள்ள ஒருத்தருமே இல்லியேப்பா" என்று முணுமுணுத்தார். பிறகு ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'மாடல் இப்படிச் சொல்கிறது. ஆனால் மாடலுக்கு இதைப் பற்றித் தெரியாது.'

மேனேஜர் கொதித்துப்போனார். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, உங்களுக்கு என்ன?"

"கம்ப்யூட்டர் கேட்டா எதையாவது சொல்லும் சார். எங்க ரயில்ல வர்றவங்க மாதிரி."

கடைசியில் பாட்டிலில் போட்டு, சாக்கடைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, இருட்டில் ஒரு மாதம் மூடி வைத்து நிஜமாகவே சோதித்தார்கள். அது மக்கவில்லை. நாங்கள் கைகுலுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? தெரியாதுன்னுதான சொன்னேன்?"

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அடுத்த ஊர்காமில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பெயர் ரேவதி. பெங்களூரில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வேறு பெண்ணே வேண்டாம் என்றாகிவிட்டது. பெண்ணின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், விசாரிக்காமல் எதையும் செய்யமாட்டார் என்று சொன்னார்கள். கோரமண்டலில் எங்கள் தெரு முழுவதையும் அம்மா முன்கூட்டியே தயார்செய்து வைத்திருந்தாள். டீக்கடை, ரேஷன் கடை, இஸ்திரி வண்டி என்று அவர் எங்கே நின்றாலும், "பையன் தங்கம்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. அம்மா தயார்செய்யாத ஆள் ஒரே ஒருவர்தான்.

ஒரு நாள் காலை, பெண்ணின் அப்பாவும் அவருடைய மூத்த மருமகனும் எங்கள் கோச்சில் ஏறினார்கள். நேராகப் போய் ஜன்னலோரத்தில் அவர் முன்னால் நின்றார்கள். நான் முதுகுப்பக்க சீட்டில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சீட்டாட்டம் நின்றது. கோச்சே காது கொடுத்தது.

"சார், உங்க ஆபீஸ் பையனுக்கு எங்க பொண்ண குடுக்கலாம்னு கீறோம். பையன் எப்டி சார்?"

"வேலையில சுத்தம். டிபன் பாக்ஸ மூடியோட கழுவுவான். வூட்டுல எப்டின்னு சொல்ல முடியாது."

"குடி கிடி?"

"என் எதிர்ல குடிச்சதில்ல. மத்தபடி சொல்ல முடியாது."

யாரோ, "அட பாவி மனுசா" என்றார்கள்.

மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், எதக் கேட்டாலும் சொல்ல முடியாதுன்றீங்க? அவன் குடும்பத்த வெச்சாவது சொல்லுங்க. மத்தவங்கல்லாம் எப்டி?"

அவ்வளவுதான். சொல்ல முடியாது சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தொழிலுக்குள்ளேயே கேள்வி வந்துவிட்டது!

"அதத்தாங்க நானும் பாத்தேன். தாத்தா ஷாஃப்ட்டுல எறங்கனவரு. அப்பா மூட்ட தூக்கறாரு. பெரியப்பா, சித்தப்பா, மாமா, ஒருத்தரும் பத்தாவது தாண்டல. இவன் மட்டும் எம்.எஸ்ஸி. இவன மாதிரி ஒரு ஆளு அந்த வம்சத்துல இதுக்கு முன்ன இல்ல. ஒத்துப் பாக்கறதுக்கு யாரக் காட்டுவேன்? அதனால இவன பத்தி யாரு இன்னா சொன்னாலும் நம்பாதீங்க."

"அப்ப இன்னாதான் சார் பண்றது?" என்றார் பெண்ணின் அப்பா.

"டெஸ்ட்டுதான். சாக்கட தண்ணி கொஞ்சம் ஊத்தி, இருட்டுல மூடி வெச்சி, ஒரு மாசம் பாக்கணும்."

பங்காரப்பேட்டையில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

அன்று மாலை அம்மா ஆடிய ஆட்டம் மாரிக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். "மூட்ட தூக்கறான், பத்தாவது தாண்டலன்னு ரயில்ல வெச்சி ஏலம் போட்டானா? அந்தாளு இந்தப் பக்கம் வரட்டும், சாக்கட தண்ணிய நான் ஊத்தறேன்!" அப்பா தோளில் கிடந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மறுநாள் நான் கோச் மாறி ஏறினேன். சொல்ல முடியாது சார் பிளாட்பாரத்தில் என்னைத் தேடிக்கொண்டு அலைந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

ஊர்காமில் வண்டி நின்றது. பெண்கள் கோச்சில் ஏற வேண்டிய ஒரு பெண் நான் இருந்த கோச்சில் ஏறி, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். போட்டோவில் பார்த்த முகம்.

"நீங்கதான் அந்த சாம்பிளா?" என்றாள்.

மடியிலிருந்த பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்க நைனா எத்தன டன் கல்லு ஒடச்சா எவ்ளோ தங்கம் வரும்னு பாத்தவரு. தெரு பூரா தங்கம் தங்கம்னதுமே அவருக்கு சந்தேகம் வந்துடுச்சி. அந்த ஒரு ஆளுதான் தெரிஞ்சத தெரியும்னாரு, தெரியாதத தெரியாதுன்னாரு. எனக்கும் லேப்ல ரிப்போர்ட் வராம எதையும் நம்பி பழக்கமில்ல. ஒரு மாசம் இதே வண்டில வர்றேன்."

நாங்கள் பழைய கோச்சுக்கே திரும்பிப் போனோம். அந்த ஒரு மாதம் சொல்ல முடியாது சார் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்குச் சிபாரிசாக யாராவது வாயைத் திறந்தால், "டெஸ்ட்டு ஓடிக்கினு கீது, கலக்காதீங்க!" என்று அடக்கிவிடுவார். கர்ச்சீப் போட்டுப் பிடித்த சீட்டுக்காக ஒருவனோடு நான் மல்லுக்கு நின்றதை அவள் பார்த்தாள். வாயைப் பிளந்து தூங்கி, பக்கத்து ஆள் தோளில் சாய்ந்ததையும் பார்த்தாள். மாத முடிவில் வீட்டில் ரிப்போர்ட் கொடுத்தாள்: "கோவம் வருது. ஆனா மாலூர் வர்றதுக்குள்ள கரைஞ்சிடுது. அடியில எதுவும் தங்கல."

கல்யாணப் பந்தியில் அம்மாவே அவருக்குப் பரிமாறினாள். "டெஸ்ட்டுதான் முடிஞ்சி போச்சே சார், இப்பவாவது பையன் நல்லவன்னு சொல்லுங்க."

"அது ரயில்ல பண்ண டெஸ்ட்டும்மா. வூட்டுல சொல்ல முடியாது."

"சாப்பாடாவது நல்லா கீதா?"

"இந்த எலையில நல்லா கீது."

போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தமெல்லாம் நின்று, கலெக்டர் என்றும் டாக்டர் என்றும் ஆளுக்கொரு உத்தியோகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் வந்திருந்தார். அம்மாவுக்குக் குறும்பு போகவில்லை. "சார், நீங்க இன்னா சொல்றீங்க? கொழந்த படிக்குமா? இதுவும் சொல்ல முடியாதா?"

அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரமாகவே.

"இத சொல்லலாம்மா. படிச்சிடும்."

அம்மாவுக்கே தூக்கிவாரிப்போட்டது. "எத வெச்சி சார் சொல்றீங்க?"

"இப்பதான் ஒத்துப் பாக்க சொந்தத்துல ஒரு ஆளு கீறானே."

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் குழந்தையின் துணியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஜோசியம் அதுதான். அது பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், என் மகளுக்காக மட்டுமில்லை, அவருக்காகவும்.