நூறு தலைகள், ஒரு ஹெல்மெட்

மனிதத் தலையின் மீது அக்கறை கொண்ட அமைப்புகள் உலகில் பல உண்டு. ஆனால் தருமபுரி மாவட்டத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அவை உறைபோடக் காணாது. ஒரே ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் நூறு தலைகளைக் காக்கும் கலை வேறு யாருக்குக் கைவந்தது?

கலையை வகுத்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் நஞ்சப்பன். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய முருகன். சாலைப் பாதுகாப்பு மாதத்தில் தினம் நூறு பேருக்கு ‘விழிப்புணர்வு’ ஏற்படுத்தி, நூறு படங்களை மேலதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது உத்தரவு. ஹெல்மெட் வாங்கித் தருவது பற்றி உத்தரவில் பேச்சில்லை. ஆகவே வண்டியை நிறுத்து, ரோஜாப்பூவைக் கொடு, ஹெல்மெட்டை மாட்டு, சிரிக்கச் சொல், படம் எடு, கழற்று. பூவையும் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

அன்று காலை ஏழு பத்துக்கு, அறுபத்து மூன்றாவது தலையாக விவசாயி மாதப்பன் வந்தார். வண்டியின் பின்னால் நான்கு பெட்டித் தக்காளி, பாலக்கோடு மார்க்கெட்டுக்கு.

“நான் என்ன தப்புங்க சார் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அரசாங்கம் உன் தலைய மதிக்குது. சிரி.”

“வூட்ல கூட யாரும் மதிக்கிறதில்லீங்களே!”

காவலர் ஜாஸ்மின் படம் எடுத்தார். நஞ்சப்பன் கையை நீட்டினார். மாதப்பன் கழற்றவில்லை.

“சார், ஏரிக்கரை வளைவுல ஜல்லி கொட்டி வெச்சிருக்கான், வண்டி வழுக்குதுங்க. இதப் போட்டுக்கிட்டே போயி, ஒம்பது மணிக்குள்ள கொண்டாந்து குடுத்துடறேனுங்க.”

“குடுத்துடலாங்கய்யா,” என்றார் ஜாஸ்மின்.

நஞ்சப்பனின் மனம் இளகியது. முருகனே வந்து கேட்பது போலக்கூட இருந்தது. ஆனால் முருகன் வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

“இன்னும் முப்பத்தேழு தலை பாக்கி இருக்குதும்மா. இவன் ஒருத்தனுக்காக அத்தன பேரு பாதுகாப்பையும் கெடுக்கறதா?” என்று நியாயம் கேட்டு, ஹெல்மெட் வாரைத் தன் கையாலேயே பதமாக அவிழ்த்தார்.

ஏழு இருபத்தைந்துக்கு ஏரிக்கரை வளைவில் ஜல்லி தன் கடமையைச் செய்தது. நூறாவது படத்துக்கு மேலதிகாரி கைதட்டும் பொம்மை அனுப்பிய நேரத்தில் நஞ்சப்பனுக்குத் தகவல் வந்தது.

ஆஸ்பத்திரியில் மாதப்பனின் தலையில் பதினோரு தையல். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நஞ்சப்பனைப் பார்த்ததும் மாதப்பன் எழுந்திருக்கப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க சார். நீங்க படம் புடிச்ச அன்னிக்கே போய் விழுந்துட்டேன். உங்களுக்குக் கெட்ட பேரு ஆயிடுங்களா?”

அவர் மனைவி சுகுணா, தனக்கு வாங்கி வைத்திருந்த டீயை நஞ்சப்பனிடம் நீட்டினார்.

“குடிங்க சார். காலையில இருந்து ரோட்டுலயே நின்னிருப்பீங்க.”

நஞ்சப்பன் டீயை வாங்கிக் கட்டிலோரம் வைத்தார். அப்போது மேலிடத்திலிருந்து போன்.

“நஞ்சப்பன், அந்த ஆளு ஹெல்மெட்டோட இருக்கற படம் நம்மகிட்ட இருக்குதில்ல? ஹெல்மெட் போட்டிருந்ததால பொழைச்சார்னு அறிக்கை எழுதிடுங்க. உங்க பேருக்குப் பாராட்டு வாங்கித் தர்றேன்.”

“சரிங்கய்யா” என்று சொல்லியே இருபத்தாறு வருடம் பழகியவர், அன்று அதைச் சொல்லாமலே போனை வைத்தார். விபத்து அறிக்கைப் படிவத்தை விரித்தார். ‘தலைக்கவசம் அணிந்திருந்தாரா?’ என்ற கட்டத்தில், மணியான கையெழுத்தில் எழுதினார்:

“அணிந்திருந்தார். படம் எடுத்ததும் நான் கழற்றிக்கொண்டேன்.”