பானட்டில் வந்த கொப்புளம்

என் மனைவியின் கை என் காரின் ஸ்டியரிங்கில் படக் கூடாது என்று தீர்மானம் செய்திருந்தேன். மனத்துக்குள்தான். வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் இருந்தால் தீர்மானம் எதற்கு?

அவளுக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். பயிற்சிப் பள்ளியில் பழகியது போதாதாம். நம் வண்டியிலேயே ரிவர்ஸ் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டமும் நான் வாங்கியது, முதல் காரும் நான் வாங்கியது. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். காரை எங்கே மாட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, உங்க காருக்கு அம்மை போட்டிருக்கு!"

ஓடினேன். பானட்டின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அவள் கையில் ஊக்கு.

"குத்தாதே!"

குத்திவிட்டாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"துருன்னா சிவப்பாத்தானே இருக்கும்? இதென்ன பல்பொடி மாதிரி?"

"இது அலுமினியம்மா. அரிச்சா வெள்ளையாத்தான் பூக்கும்."

"கார் முழுக்கவா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வரவில்லை. அவள் உள்ளே போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்தாள். கதவில் வைத்தாள், ஒட்டியது. டிக்கியில் ஒட்டியது. பானட்டில் வைத்தாள், வழுக்கிக் கீழே விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு முறை காந்தத்தை வாங்கி வாங்கி, காரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பானட் மட்டும்தான் அலுமினியம்.

எனக்குச் சட்டென்று ஒரு வழி பிறந்தது.

"இதனாலதான் நீ ஓட்ட வேண்டாம்னு பார்க்கறேன். மத்ததெல்லாம் இரும்பு. இடிச்சாலும் தட்டி நிமித்திடலாம். பானட் அப்படியா? பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தாப் போதும், ஈரம் இறங்கி உள்ளுக்குள்ளயே அரிச்சிடும்."

"அப்போ உங்க கவலை பானட்டுக்கு மட்டும்தான்?"

"பானட்டுக்கு மட்டும்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா." நாக்கு கொஞ்சம் குழறியது.

அன்றே பெயிண்டரை வரவழைத்தேன். அவர் பானட்டைத் தூக்கி, கீலைத் தடவிப் பார்த்தார்.

"இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேர்ற இடத்துல தண்ணி தேங்கியிருக்கு சார். மேலாப்புல பெயிண்ட் அடிச்சா மறுபடியும் கிளம்பும். சுத்தமாச் சுரண்டி, இதுக்குன்னு இருக்கிற பிரைமர் அடிக்கணும். இங்கயே வச்சும் பண்ணலாம்."

"வேண்டாம், கழட்டிட்டுப் போங்க. அவசரமே இல்ல. பத்து நாள் நல்லாக் காயட்டும்!"

பானட் வேனில் ஏறிப் போனது. கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"பாவம்மா நீ. டெஸ்ட் நேரத்துல இப்படி ஆயிடுச்சே."

அவள் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பின்னாடி மைதானத்துக்கு. ரிவர்ஸ் பழக."

"பானட் இல்லாமலா?"

"நீங்க கவலைப்படற ஒரே பொருள் பட்டறையில பத்திரமா இருக்கு. மிச்சமெல்லாம் இரும்பு. இடிச்சாலும் தட்டி நிமித்திக்கலாம். சத்தியம் வேற பண்ணிருக்கீங்க."

படித்த படிப்பு அத்தனையையும் திரட்டினேன். "என்ஜின் திறந்து கிடக்கு! மைதானத்துப் புழுதியெல்லாம் உள்ள போயிடும்!"

அவள் நின்று யோசித்தாள். நான் சொன்னதில் நியாயம் இருப்பதாக, கல்யாணமான பிறகு முதல்முறையாக ஒப்புக்கொண்டாள்.

அன்று மாலை முழுவதும் அவள் காரை ஓட்டினாள். நான் வாளியும் கையுமாக, வண்டி போகிற பக்கமெல்லாம் புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.